முடிவு தெரிந்த கதைகள்

நாவலை வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள். நாயகனும் நாயகியும் சேர்ந்துவிட்டார்களா என்று பார்க்கிறார்கள். சேர்ந்திருந்தால்தான் காசு கைமாறும். அமெரிக்காவின் ஓர் ஊரில் காதல் நாவல்களைக் கட்டுக்கட்டாகப் படித்த பெண்களிடம் இந்தப் பழக்கத்தைக் கண்டவர் ஜேனிஸ் ராட்வே என்ற ஆய்வாளர். அந்த ஊருக்கு 'ஸ்மித்டன்' என்று புனைபெயர் வைத்து, 42 வாசகிகளின் பதில்களைத் திரட்டி அவர் எழுதிய 'ரீடிங் த ரொமான்ஸ்' 1984-இல் வெளிவந்தது. வெகுசன வாசிப்பை ஆராய்பவர்கள் இன்றும் இந்தப் புத்தகத்தைத் தொடாமல் போவதில்லை.

முடிவு தெரிந்தபின் கதையில் என்ன மிச்சம்? காதல் கதை மீதும் மாயக் கதை மீதும் காலங்காலமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஒன்றில் கல்யாணம் நடக்கும், மற்றதில் அரக்கன் சாவான். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறவர்கள் வெள்ளந்திகள், வாழ்க்கையை விட்டு ஓடுகிறவர்கள் என்பது விமர்சகர் தீர்ப்பு. அந்த வாசகர்கள் எதைக் கொண்டாடினார்கள், எதைக் கண்டு புத்தகத்தை மூடினார்கள் என்று பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. எழுத்தாளர் தந்த வாக்கைக் கறாராகக் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள் இவர்கள். சலுகை காட்டுவது குறைவு.

எட்டுப் படிகள்

காதல் நாவல் தொழிலாக வளர்ந்த கதையில் வாசகியின் கை தொடக்கம் முதலே தெரிகிறது. 1908-இல் லண்டனில் ஜெரால்ட் மில்ஸும் சார்ல்ஸ் பூனும் தொடங்கிய 'மில்ஸ் அண்ட் பூன்' முதலில் எல்லா வகைப் புத்தகங்களையும் போட்ட பொதுப் பதிப்பகம். 1930-களில் இரண்டு பென்னி வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடைகளில் எது கையோடு கையாகப் போகிறது என்று பார்த்தபின்தான் அது காதல் கதைக்கே தன்னை ஒப்புக்கொடுத்தது. கனடாவின் வினிபெக் நகரில் 1949-இல் தொடங்கிய 'ஹார்லிக்வின்' கதையும் அப்படித்தான். நிறுவனர் ரிச்சர்ட் பானிகாஸிலின் மனைவி மேரி, மில்ஸ் அண்ட் பூனின் மருத்துவமனைக் காதல் கதைகளைப் படித்துப் பிடித்துப்போய், மறுபதிப்புக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தெடுத்தார். 1957-இல் தொடங்கிய அந்த மறுபதிப்பு வளர்ந்து, 1971-இல் ஹார்லிக்வின் மில்ஸ் அண்ட் பூனையே வாங்கிக்கொண்டது. கண்டங்களைத் தாண்டிய ஒரு வியாபாரத்தின் போக்கை ஒரு வாசகியின் ருசி திருப்பிவிட்டது.

இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தவர் பமீலா ரெஜிஸ். 2003-இல் வந்த தம் நூலில் அவர் எட்டு உறுப்புகளைச் சொல்கிறார்: கதை நடக்கும் சமூகம், இருவரின் சந்திப்பு, இடையில் நிற்கும் தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்லுதல், இனி எல்லாம் முடிந்தது என்று தோன்றும் 'சாவு' போன்ற கட்டம், தடையை வெல்ல உதவும் தெளிவு, கடைசியில் மண உறுதி. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) முதல் நேற்றைய மாத நாவல் வரை இந்த எட்டும் முன்பின்னாக மாறி வரும். வாசகி எடை போடுவது முடிவை அல்ல, தடையை. தடை உண்மையானதாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை வைத்து இருநூறு பக்கம் ஓட்டும் கதையை இந்த வாசகர்கள் மன்னிப்பதே இல்லை. காதல் நாவல் மீது அடிக்கடி வரும் புகார் இது.

தமிழில் இந்த வகை 'குடும்ப நாவல்' என்ற பெயரில் வீட்டுக்குள் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரன் இதன் முதன்மைப் பெயர். வாடகை நூல்நிலையத்தில் அட்டை கிழிந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி கிழிந்த புத்தகங்களில் அவருடையவை கட்டாயம் இருக்கும். ஆங்கிலக் காதல் நாவல் பெரும்பாலும் மண உறுதியில் முடியும். தமிழ்க் குடும்ப நாவலோ பல நேரம் தாலி கட்டிய மறுநாள்தான் சூடு பிடிக்கிறது. வேண்டாவெறுப்பாகவோ, நிர்ப்பந்தத்திலோ, யாரோ ஒருவரின் கௌரவத்துக்காகவோ கல்யாணம் நடந்துவிடும். பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணம் வழக்கமாக இருக்கும் நாட்டில் காதலுக்கு இடம் தேடிய வாசகிகளுக்கு இந்த மாற்றம் பொருந்திப்போனது. இலக்கிய இதழ்கள் திரும்பிப் பார்க்காத இந்த உலகத்தை, 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வெகுசனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பாக வெளியிட்டபோது, ரமணிசந்திரனும் அமானுஷ்யக் கதைகளுக்குப் பேர்போன இந்திரா சௌந்தர்ராஜனும் ஒரே அட்டைக்குள் வந்தார்கள்.

ஒரே வார்ப்பு என்று இந்தக் கதைகளைத் தள்ளுகிறவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கலாம். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் நானூறு நானூறாக ஏறத்தாழ 1,200 பாடல்கள். அத்தனையிலும் ஊர்பேர் தெரியாத தலைவன், தலைவி, தோழி, செவிலி. குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிவு என்பது பாட்டைத் தொடுமுன்பே கேட்பவருக்குத் தெரியும். தெரிந்த சட்டத்துக்குள் புதிதாக எதைச் சொன்னார்கள் என்பதில்தான் கபிலரும் ஔவையும் தனித்துத் தெரிகிறார்கள். மாத நாவல் குறுந்தொகை ஆகிவிடாது. ஆனால் வார்ப்பு இருப்பதே குற்றம் என்றால் முதலில் கூண்டில் ஏற வேண்டியது நம் அகத்திணை மரபு.

தலை வெடிக்கும் நிபந்தனை

மாயக் கதையின் வாக்கு வேறு மாதிரி. அங்கே எதுவும் நடக்கலாம் என்று வெளியே இருப்பவர் நினைக்கிறார். உள்ளே இருப்பவருக்குத் தெரியும், எதுவும் நடக்கலாம் என்றால் கதையே இல்லை.

விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பார்த்தால் போதும். முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டு நடக்கிறான் மன்னன். வேதாளம் கதை சொல்லிப் புதிர் போடுகிறது. விடை தெரிந்தும் மௌனமாக இருந்தால் மன்னனின் தலை சுக்குநூறாகும். வாயைத் திறந்தால் வேதாளம் பழையபடி மரத்தில் ஏறிக்கொள்ளும். இரண்டே நிபந்தனைகள். 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இந்தச் சட்டகத்தை வைத்துப் பல பத்தாண்டுகள் மாதம் ஒரு கதை சொன்னது. பிணத்தைத் தோளில் சுமந்து, வாளோடு திரும்பிப் பார்க்கும் மன்னனாக ஓவியர் சங்கர் வரைந்த படம் பல தலைமுறைகளின் மனதில் தங்கிவிட்டது. விடை தெரிந்தும் மன்னன் ஒரு தடவை சும்மா இருந்து தப்பித்திருந்தால், அடுத்த மாத இதழைச் சிறுவர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

இதையே கோட்பாடாகச் சொன்னவர் டோல்கின். 1939 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை, பின்னர் விரிந்து 1947-இல் அச்சானது. கதாசிரியர் ஓர் இரண்டாம் உலகத்தைப் படைக்கிறார். அதன் விதிகள் குலையாதவரை வாசகர் அதற்குள் இருந்து நம்புகிறார். ஓர் இடத்தில் நம்பிக்கை அறுந்தால் மாயமும் போய்விடும். தப்பித்தல் என்ற வசைக்கும் அவர் அங்கேயே பதில் சொன்னார். சிறையில் இருப்பவன் வீட்டுக்குப் போக நினைப்பதையும், போர்க்களத்திலிருந்து படைவீரன் ஓடிப்போவதையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள் என்பது அவர் வாதம். அந்த வாதம் எல்லோரையும் அசைத்துவிடவில்லை. 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வந்தபோது கவிஞர் ஆடன் பாராட்டினார். அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் அதைச் சிறுபிள்ளைக் குப்பை என்ற கணக்கில் சேர்த்தார்.

உர்சுலா லெ குவின் மாயத்துக்கு விலை வைத்தார். 1968-இல் வந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில் ஒரு பொருளின் மெய்ப்பெயர் தெரிந்தவனுக்கே அதன்மேல் அதிகாரம். ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். வீம்புக்காக மந்திரம் போடும் இளைஞன் கெட், தானே அவிழ்த்துவிட்ட நிழலுக்கு அஞ்சிக் கடல் கடலாக ஓடுகிறான். பிற்காலத்தில் பிராண்டன் சாண்டர்சன் இதை ஒரு தச்சனின் சூத்திரம்போல ஆக்கினார்: மந்திரத்தால் சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால், அந்த மந்திரம் எப்படி இயங்குகிறது என்பது வாசகருக்கு அந்த அளவுக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு புது சக்தி முளைத்து நாயகனைக் காப்பாற்றுகிற கதை வாசகருக்கு எரிச்சல் ஊட்டுவதன் காரணம் இந்தச் சூத்திரத்தில் இருக்கிறது.

வார்ப்பைக் கேலி செய்யவும் இந்த வகைக்குள்ளேயே ஆள் இருந்தார். டயானா வின் ஜோன்ஸ் 1996-இல் மாய உலகத்துக்கு ஒரு சுற்றுலாக் கையேடு எழுதினார். அங்கே போகும் பயணிக்கு எந்த ஊரிலும் கிடைப்பது ஒரே குழம்புதான் என்று எச்சரிக்கிறார். பாலைவனமோ பனிமலையோ, மணிக்கணக்கில் அடுப்பில் கிடக்க வேண்டிய அந்தக் குழம்பு மட்டும் உடனே தயாராகிவிடும். குதிரைகளோ தீனியும் கேட்காது, களைக்கவும் களைக்காது. தானே மாயக் கதை எழுதியவர் என்பதால் அந்தக் கேலியில் உள்ளாள் பார்வை உண்டு.

தமிழுக்கு இந்த விதிக்கணக்கு புதிதில்லை. மணிமேகலைக்கு மணிமேகலா தெய்வம் கொடுப்பது மூன்று மந்திரங்கள்: வானில் செல்ல, வேற்றுரு எடுக்க, பசியைத் தாங்க. இரண்டாவது மந்திரத்தால் அவள் காயசண்டிகையின் உருவத்துக்குள் மறைகிறாள். அவளை விரட்டிவந்த இளவரசன் உதயகுமரன் அந்த மாய உருவையே பின்தொடர, அவளைத் தன் மனைவி என்று எண்ணிய விஞ்சையன் காஞ்சனன் அவனை வாளால் வெட்டிவிடுகிறான். மந்திரம் அவளைக் காத்தது. அதன் விலையாக ஓர் உயிர் போனது. புதுமைப்பித்தனோ மாயத்தை நேரே சென்னைத் தெருமுனைக்கு இறக்கினார். அவருடைய கந்தசாமிப் பிள்ளை கடவுளைக் காப்பி குடிக்க அழைத்துப் போவதோடு நிற்காமல், தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் வசூலிக்கப் பார்க்கிறார். கடவுள் வந்தபின்னும் சென்னை சென்னையாகவே இருப்பதுதான் அந்தக் கதையின் விதி.

முரட்டு நாயகன்

இரு வகைகளிலும் மிகச் சூடான சர்ச்சை நாயகனைப் பற்றியது.

1972-இல் கேத்லீன் வுடிவிஸின் 'த ஃபிளேம் அண்ட் த ஃபிளவர்' வெளிவந்தது. கப்பல் தலைவனான நாயகன், நாயகியை விலைமாது என்று தவறாக எண்ணி வன்புணர்கிறான். கதை முடியும்போது இருவரும் காதல் தம்பதி. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதே வழியில் ஒரு வரிசையே கிளம்பியது. இதற்கு இரண்டு ஆண்டு முன்பே பெண்ணியர் ஜெர்மைன் கிரீர் காதல் நாவல் வாசகிகளைச் சாடியிருந்தார். தம்மைப் பூட்டிய விலங்கைத் தாமே சீராட்டுகிறார்கள் என்பது அவர் கோபம். 1992-இல் ஜெய்ன் ஆன் கிரென்ட்ஸ் தொகுத்த நூலில் காதல் நாவலாசிரியர்களே எதிர்வாதம் வைத்தார்கள். இந்தக் கதைகளில் நாயகனே வில்லனும் ஆவான், அவனை அடக்கி வெல்வது பெண்தான், வெற்றி அவளுடையது என்றார்கள்.

இரு தரப்பும் வாசகிகளின் பெயரால் பேசின. ஸ்மித்டன் பெண்கள் சொன்னது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. புத்திசாலியான நாயகி, அவளைப் பரிவோடு நடத்தும் நாயகன், மகிழ்ச்சியான முடிவு: இவை அவர்கள் கேட்டவை. வன்புணர்ச்சி, திருந்தாத கொடூரம், சோக முடிவு: இவை அவர்கள் ஒதுக்கியவை. முரட்டுத்தனத்தை ஓரளவு பொறுத்தார்கள், அதன் அடியில் அன்பு இருந்தது என்று கதை காட்டினால். அந்தச் சமாதானம் பெண்களை இருக்கும் இடத்திலேயே இருக்கப் பழக்குகிறதோ என்ற ஐயம் ராட்வேக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. இன்னொன்றையும் அவர் பதிவு செய்தார். வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே புத்தகத்தை விரித்து உட்காருவதே, இந்த நேரம் என்னுடையது என்று குடும்பத்துக்குச் சொல்லும் வழியாக அவர்களுக்கு இருந்தது.

தமிழிலும் இந்த வழக்கு உண்டு. பழிவாங்கக் கட்டிய தாலி, சந்தேகத்தில் விழுந்த அறை, கடைசி அத்தியாயத்தில் ஒரு மன்னிப்பு. நாவலில் மட்டுமல்ல, சினிமாவிலும் பழகிய கதைதான். இதற்கு மேல்நாட்டு அளவுகோல் தேட வேண்டியதில்லை. தொல்காப்பிய அகத்திணையியல் பெருந்திணைக்கு நான்கு குறிப்புகள் தருகிறது: மடலேறுதல், இளமை கடந்த நிலை, தெளிவிழந்த காம மிகுதி, காமத்தால் வலிமை காட்டுவது. ஒத்த அன்பின் ஐந்திணை நடுவில் நிற்க, ஒருதலைக் காமமான கைக்கிளையும் பொருந்தாக் காமமான பெருந்திணையும் இரு ஓரங்களில் நிற்கின்றன. அவை கதையாகக் கூடாது என்று இலக்கணம் தடுக்கவில்லை. அவற்றை அன்பின் ஐந்திணை என்று பெயர் சூட்டி விற்காதே என்றுதான் பிரித்து வைத்தது. இன்றைய வாசகியின் புகாரும் அதுதான்: வன்முறையை வன்முறை என்று சொல்லும் நாவலை அவர் படிக்கிறார், அதைக் காதல் என்று அட்டையில் போட்டால் கோபப்படுகிறார்.

பின்னிணைப்பிலிருந்து நடுவீட்டுக்கு

டோல்கினின் பெருங்கதையில் அரகார்ன், ஆர்வென் காதல் எங்கே இருக்கிறது என்று தேடினால் பின்னிணைப்புக்குத்தான் போக வேண்டும். சாவில்லாத குலத்தில் பிறந்த பெண், சாகப் பிறந்த மனிதனுக்காகத் தன் அமரத்துவத்தையே விட்டுக்கொடுக்கிறாள். அவ்வளவு கனமான காதல், கதை முடிந்தபின் குறிப்பாக வருகிறது. அந்தப் பின்னிணைப்பு நடுவீட்டுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது.

வழியில் பலர் உண்டு. 1945-இன் செவிலியை 1743-இன் ஸ்காட்லாந்துக்கு அனுப்பிய டயானா கபால்டனின் 'அவுட்லேண்டர்' 1991-இல் வந்தது. ரத்தக்காட்டேரியைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்த 'ட்விலைட்' 2005-இல். 2015-இல் சாரா ஜே. மாஸ் அழகியும் மிருகமும் கதையை எடுத்துத் தேவதைக் குலத்துக்குள் நட்டார். 2023-இல் ரெபெக்கா யாரோஸ் பறவைநாக வீரர்களுக்கான போர்க் கல்லூரியில் காதலர்களைச் சேர்த்தார். அந்த வரிசையின் மூன்றாம் நாவல் 2025 ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. இரண்டு சொற்களையும் ஒட்டி 'ரொமாண்டஸி' என்று பெயரும் வந்துவிட்டது.

இரண்டு வாக்குகளை ஒரே நூலில் கொடுத்தால் இரண்டு கடன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். மாயக் கதை வழி வந்தவர், அரசியலும் போரும் நாயகன் நாயகி கண்ணால் பார்த்துக்கொள்வதற்குத் திரைச்சீலையாகிவிட்டன என்கிறார். காதல் கதை வழி வந்தவர், ஐந்து பாகம் போயும் இருவருக்கும் நிம்மதி இல்லையே என்கிறார். வயதுக் கணக்கும் உறுத்துகிறது. மாஸின் நாயகிக்குக் கதை தொடங்கும்போது 19 வயது, அவளை மணக்கும் ரைசாண்டுக்கு ஐந்நூறுக்கு மேல். 'ட்விலைட்' எட்வர்டுக்கும் நூறு கடந்துவிட்டது. முகம் இளமையாக இருப்பதால் இது ஐந்திணைக்குள் வருமா, இளமை கடந்த பெருந்திணையா என்று உரையாசிரியர்கள் இருந்தால் ஒரு சண்டையே போட்டிருப்பார்கள்.

நம் ஊரில் இந்தக் கலவை திரைக்கு முன்பே வந்துவிட்டது. அம்புலிமாமாவை நடத்திய நாகிரெட்டி, சக்கரபாணி இருவரும் 1951-இல் தயாரித்த 'பாதாள பைரவி'யில் தோட்டக்காரன் மகனுக்கு இளவரசிமேல் ஆசை. அரசன் கேட்கும் செல்வத்துக்காக அவன் மந்திரவாதியின் பின்னால் போகிறான். காதலின் தடையை மாயம் தீர்க்கிறது, மாயத்தின் ஆபத்தைக் காதல் தாங்கவைக்கிறது. ஒன்றை உருவினால் மற்றது சரிந்துவிடும். கலப்பு நன்றாக அமைந்த கதைக்கு அதுவே அடையாளம்.

அந்த வகையில் எல்லாவற்றையும் விட உயரத்தில் நிற்பது, யாரும் ரொமாண்டஸி என்று அழைக்காத ஒரு நாவல்: லெ குவினின் 'டெஹானு'. எர்த்சீயின் மூன்றாம் நாவலுக்கு 18 ஆண்டுகள் கழித்து, 1990-இல் வந்தது. கெட் தன் மந்திர சக்தியை முழுக்க இழந்துவிட்டுத் திரும்புகிறான். ஒருகாலத்தில் அவன் இருட்டறையிலிருந்து மீட்ட தேனார் இப்போது ஒரு விதவை, பண்ணைக்காரி. இருவருக்கும் நடுவயது. அவன் ஆடு மேய்க்கிறான். மந்திரம் போனபின்தான் காதலுக்கு வழி திறக்கிறது. ஏனெனில் அந்த உலகத்து மந்திரவாதிகளுக்குத் துறவு விதி. தான் முன்பு வகுத்த விதியை மீறாமல், அதன் விலையைப் பெண்ணின் பக்கம் நின்று மறுபடி கணக்குப் பார்த்தார் ஆசிரியர். சாகசத்தை எதிர்பார்த்து வந்த பழைய வாசகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் இரண்டு வாக்குகளும் அந்த நாவலில் நிறைவேறியிருக்கின்றன.

கடைசிப் பக்கம்

வாசகர் கறார்க்காரர் என்பதற்குத் தமிழிலேயே பெரிய சான்று 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஓடிய தொடர். கதை, அதில் வரும் மணிமேகலை என்ற பெண்ணின் துயர மரணத்தோடு நிற்கிறது. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆயிற்றா, நந்தினி என்ன ஆனாள், அருள்மொழி எப்போது அரியணை ஏறினான் என்பதற்கெல்லாம் பதில் இல்லை. திடீரென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். அதை எழுதிய கல்கி அந்தக் குறையை அலட்சியம் செய்யவில்லை. சமூக நாவலுக்கும் வரலாற்று நாவலுக்கும் முடிவு வேறுபடும் என்று விளக்கினார். ஒவ்வொரு பாத்திரமும் பின்னால் என்ன ஆனது என்பதையும் எழுதித் தந்தார்.

இன்றைக்குக் காதல் நாவலும் மாயக் கதையும் தமிழில் முன்னைவிட வேகமாக எழுதப்படுகின்றன. கைபேசியில் தினம் ஓர் அத்தியாயம் வருகிறது. அவற்றைத் தூக்கி எறிகிற விமர்சனமும் உண்டு, அருமை என்று ஒற்றைச் சொல்லில் தட்டிக்கொடுக்கிற பாராட்டும் உண்டு. இரண்டாலும் எழுதுகிறவருக்குப் பயனில்லை. எந்தப் பக்கத்தில் நம்பிக்கை அறுந்தது, எந்தத் தடை போலியாக இருந்தது, எந்த மன்னிப்பு செல்லாது என்று வாசகர்கள் எழுதிச் சொல்ல வேண்டும். கல்கியின் வாசகர்கள் செய்தது அதுதான். அவர்களுக்காக அவர் எழுதிய முடிவுரை, இன்றும் ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகி வருகிறது.